அக்கரைச் சீர்

வா தாயி, இப்படி நெழலுக்குள்ள வந்து உக்காரு. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்க. கருவாட்டு வாடை பழகாதவுகளுக்குச் செத்த நேரம் தலையச் சுத்தும், அப்புறம் ஒண்ணும் தெரியாது. நான் எந்திரிச்சு வந்து உன்னைய உபசரிக்க முடியாது. எந்திரிச்சா காக்கா அம்புட்டையும் தூக்கிட்டுப் போயிரும். சூ! பாரு, நீ வந்திருக்கன்னு அதுக்கு ஒரு தைரியம்.

பூசாரி சொல்லித்தான வந்த? அக்கரைச் சீரப் பத்திக் கேக்கணும்னா சீனியம்மாவப் போயிப் பாருன்னு சொல்லியிருப்பாரு. சொல்லாம என்ன செய்வாரு? இந்தத் தாழைமுனையில வருசம் தவறாம இன்னும் சீர் விடுறவ நான் ஒருத்திதான். மத்தவளுக எல்லாம் விட்டுட்டாளுக. போன்லயே மூஞ்சியப் பாத்துப் பேசிக்கிறோம், அப்புறம் எதுக்கு நல்ல சேலையக் கடல்ல போடணும்ங்குறாளுக. வழக்கம்னா என்னன்னு தெரியாத கழுதைக.

நான் பேசுறது அதுல பதியுதா? செவப்பா ஒண்ணு எரியுதே, அதுவா? சரி. அப்ப மொதல்ல இருந்து ஒழுங்காச் சொல்றேன். பாரம்பரியம்னு எழுதப் போற, தப்பா எழுதிட்டா பெறகு அதுதான் நெசம்னு ஆயிரும்.

இது ஆயிரம் வருசத்து வழக்கம் தாயி. எங்க அம்மனுக்குப் பேரு கரைக்காரி. அவ இந்த ஊர்ல பொறந்தவ இல்ல, அக்கரையில பொறந்தவ. அங்க என்னமோ சண்டை, ஊரே தீப்பத்தி எரிஞ்சுச்சாம். அவளப் பெட்டிக்குள்ள வச்சுக் கடல்ல விட்டுட்டாக. பெட்டி மெதந்து மெதந்து எங்க முனைக்கு வந்து நின்னுச்சு. ஊரே கரையில நின்னு பாக்குது. தொடலாமா தொடக்கூடாதா, யாரு வீட்டுதோ, என்ன பாவமோன்னு பேசிக்கிட்டே நிக்கிறாக. எங்க வீட்டுக்காரக வம்சத்துல ஒருத்தரு, அவரு பேரு யாருக்கும் தெரியாது, ஒருத்தரையும் கேக்கல. கழுத்தளவு தண்ணியில எறங்கிப் போயி, பெட்டியத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டுக் கரையேறிட்டாரு. "வந்தவ எம் மக"ன்னு சொன்னாராம். அம்புட்டுதான். அதனாலதான் இன்னைக்கு வரைக்கும் கோயில்ல மொத மரியாதை எங்க வீட்டுக்கு. நீ பூசாரியவே கேட்டுப் பாரு.

அங்கருந்து ஒருத்தி இங்க வந்ததால, இங்கருந்து பொண்ணுகள அங்க குடுப்பாக. முள்ளித்துறைன்னு அக்கரையில ஒரு ஊரு, அங்கதான் எங்க ஊருக்குச் சம்பந்தம் எல்லாம். இக்கரைக்கு அக்கரை பச்சைம்பாக. எங்களுக்குப் பச்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல, அது நாத்தனா வீடு, அம்புட்டுதான். ஆடி கடைசி வெள்ளிக்குப் பொறந்த வீட்டுச் சீரு போகும். சேலை, மஞ்ச, குங்குமம், கண்ணாடி வளையலு, கருப்பட்டிப் பணியாரம், வீட்டு அரிசி ஒரு கை. கச்சான் காத்து கரையிலருந்து கடலப் பாத்து அடிக்கிற காலம் அது. பாய விரிச்சு வெள்ளனக் கெளம்புனா மத்தியானச் சோறு தங்கச்சி வீட்டுல. அண்ணன்தான் கொண்டு போவான். சீரக் கையில குடுத்து, தங்கச்சி கால்ல விழுந்து கும்பிட, துன்னூறு பூசிட்டு வருவான்.

அப்புறம் கடலுக்கு நடுவுல எல்லைன்னு ஒண்ணு வச்சாக. எங்க வச்சாகன்னு அப்ப ஒருத்தருக்கும் தெரியாது. இப்பவாச்சும் ஆம்பளைக மிசின்ல பாத்துக்கிறாக. ஒரு ஆடிக்குச் சீர் கொண்டு போன ஆளுகளக் கடத்தல்காரகன்னு புடிச்சு உள்ள போட்டுட்டாக. சேலையும் பணியாரமும் கடத்தல் சாமானாம். எங்க மாமனாரும் அதுல ஒருத்தரு. அவரு திரும்பி வந்ததும் ஊர்க்கூட்டம் போட்டாக. அம்மன் மெதந்து வந்தா, சீரும் மெதந்து போகட்டும்னு ஒரு முடிவு. அன்னையிலருந்து ஓலைக் கொட்டான்ல சீர வச்சு, மிதப்புக் கட்டையில கட்டி, கடல்ல விடுறது. எங்க மாமியா காலத்துல ஆரமிச்சது.

என்ன சிரிக்கிற? ஆயிரம் வருசம்னே எழுது. அம்மன் வந்தது ஆயிரம் வருசம்தான?

இதுக்கு ஒரு கட்டு இருக்கு. விட்ட சீர இந்தக் கரையில உள்ள யாரும் தொடக்கூடாது. அது அக்கரைக்காரி சொத்து. திரும்பி ஒதுங்குனாலும் தொடக்கூடாது. ஒதுங்குனா கெட்ட சகுனம், வாங்க வேண்டியவ அங்க இல்லைன்னு அர்த்தம்பாக. அதனால விடும்போதே தோள் மட்டம் வரைக்கும் போயி, காத்து பாத்து விடணும். எங்க வீட்டுச் சீரு ஒரு தடவை கூட ஒதுங்குனது கெடையாது. அப்ப.

எங்க வீட்டுச் சீரு யாருக்குன்னா, நாச்சிக்கு. நம்புநாச்சி. எங்க வீட்டுக்காரக கூடப் பொறந்த ஒரே தங்கச்சி. இவுகளுக்கு நம்புராசுன்னு பேரு, ரெண்டு பேரும் நம்புநாயகி அம்மனுக்கு நேந்து பொறந்த பிள்ளைக. நான் வாக்கப்பட்டு வந்த மறு வருசம் நாச்சிய முள்ளித்துறைக்குக் கட்டிக் குடுத்தோம். மாப்பிள்ளைக்குக் குணரத்தினம்னு பேரு. நல்ல மனுசன், வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு. எல்லை வந்த பெறகும் ராமேசுவரம் கப்பல்ல ஒருக்கா வந்துட்டுப் போனாக. அதுக்கப்புறம் கப்பலும் நின்னு போச்சு. சீர் மட்டும் போச்சு.

நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காத தாயி, இந்த ஊர்ல நான் விட்ட மாதிரி சீர் எவளும் விட்டதில்ல. மத்தவளுக கடல்ல போகுறதுதானன்னு சாயம் போற சேலையா வாங்கி வைப்பாளுக. நான் ராம்நாடு பஜாருக்குப் போயி, கடைக்காரன் கட்டுக் கட்டா எடுத்துப் போட்டு அலுத்துப் போகுற வரைக்கும் பாத்து எடுப்பேன். கரையில கொட்டான எறக்கி வச்சா பொம்பளைக எல்லாம் வந்து சேலையத் தடவிப் பாப்பாளுக. "நாத்தனாவுக்குச் செய்யிறதுன்னா சீனியம்மாதான்"ம்பாளுக. அந்தப் பேர நான் சும்மா வாங்கல.

அப்புறம் அங்க சண்டை பெருசாச்சு. அது உனக்குத் தெரியும், படிச்சிருப்ப. சனங்க படகு படகா வந்து எறங்குச்சு. நடு மணல்திட்டுல எறக்கி விட்டுட்டுப் போயிருவானுக, இங்கருந்து போயிக் கூட்டியாரணும். அப்படி ஒரு நாளு எங்க வீட்டுக்காரக போயி எறக்குன கூட்டத்துல ஒரு பொம்பள, "அண்ணே"ன்னு கூப்பிட்டிருக்கா. இவுகளுக்கு அடையாளமே தெரியல. உடம்பு கருத்து, பல்லு மட்டும் தெரியுது. நாச்சி! கட்டுன சேலையோட வந்திருக்கா. கையில ஒரு மண்வெட்டிக் கணை, வெறும் பிடி மட்டும். எதுக்குடி இதுன்னா, ஓடும்போது கையில இருந்துச்சாம், போடத் தோணலையாம்.

மாப்பிள்ளையும் கூட வந்தாரு. வந்த மனுசன் சும்மா இருக்கல. அவரு ஆத்தாக்காரி வரமாட்டேன்னு அங்கயே உக்காந்துட்டா, அவளத் தூக்கிட்டு வந்துறேன்னு அடுத்த படகுல திரும்பிப் போனாரு. போனவருதான். படகு போய்ச் சேந்துச்சாங்கறதுக்கும் ஆளு இல்ல, சேரலைங்கறதுக்கும் ஆளு இல்ல.

அகதி முகாம்ல பேரு பதிஞ்சிருந்தாலும் அவள எங்க வீட்டுலதான் வச்சிருந்தோம். நான்தான் சொன்னேன், ஊருக்குள்ள அண்ணன் வீடு இருக்கும்போது அவ எதுக்குத் தகரக் கொட்டாயில கெடக்கணும்னு. விருந்தும் மருந்தும் மூணு நாளும்பாக. நான் அப்படியா நெனச்சேன்? பின்கட்டுல பாயப் போட்டுக் குடுத்தேன். என் பழைய சேலை ஒண்ணையும் வெளிய குடுக்கல தாயி, அம்புட்டையும் அவளுக்குத்தான் குடுத்தேன். கிழிஞ்சத நானே தச்சுக் குடுத்தேன். அவளும் சும்மா உக்காரல. மீன் அரிவா, உப்புப் போடுவா, இதே எடத்துல உக்காந்து காக்கா வெரட்டுவா. வந்த புதுசுல என்னைய மச்சாள்னு கூப்பிட்டா. அது அங்க பழக்கம். அதென்னடி மச்சாளு, நம்ம ஊர்ல மதினின்னு சொல்லுன்னு திருத்துனேன். எல்லாத்துக்கும் "ஓம், ஓம்"னு தலைய ஆட்டுவா. தெருப் பொம்பளைக எல்லாம் சிரிக்கும், எனக்குத்தான் வெக்கமா இருக்கும்.

சூ! ஏய்! அந்த ஓலைய இங்கிட்டு எடுத்துக் குடு தாயி. ம்.

அந்த வருசம் ஆடி வந்துச்சு. நான் வழக்கம்போல சீருக்கு எடுத்து வச்சேன். எங்க வீட்டுக்காரக கேட்டாக, "நாச்சிதான் இங்க இருக்காளே, யாருக்கு விடப் போற?"ன்னு. ஆம்பளைக்கு என்ன தெரியும்? நீயே யோசிச்சுப் பாரு. சீருங்கறது எங்க போகும்? புருசன் வீட்டுக்குத்தான போகும்? இங்க வச்சு அவ கையில குடுத்தா என்ன அர்த்தம்? அக்கரையில அவளுக்கு வீடு இல்ல, புருசன் இல்ல, வாழ்க்கை முடிஞ்சு வந்துட்டான்னு நாமளே சொன்ன மாதிரி ஆகாதா? கழுத்துல கயிறு கெடக்கும்போது அப்படிச் செய்யலாமா? கடல்ல விட்டா, அங்க அவ வீடு இருக்கு, மாப்பிள்ளை இருக்காருன்னு அர்த்தம். அவ நல்லதுக்குத்தான் விட்டேன். ஊரும் அதத்தான் சொல்லுச்சு. பூசாரியும் தலைய ஆட்டுனாரு.

அவளும் கரைக்கு வந்து எல்லாரோடயும் நின்னு கும்பிட்டா. அடுத்த ஆடிக்கும் வந்து கும்பிட்டா. அவ சீரு போறத அவளே நின்னு பாத்தா. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. இத்தனை வருசமா நான் என்ன செஞ்சேன்னு அவ கண்ணால பாக்குறாள்ல?

அப்புறம் அந்த ஆடி. அந்த வருசம் அவளையும் ராம்நாட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன், ஒத்தாசைக்கு. கடையில சேலைய எடுத்துப் போட்டாங்க. எனக்குக் கண்ணு மங்க ஆரமிச்சிருந்துச்சு, கலரு சரியாத் தெரியல. "நீ பாத்துச் சொல்லு நாச்சி, எது நல்லாயிருக்கு?"ன்னேன். அவ ரொம்ப நேரம் ஒண்ணையும் தொடல. அப்புறம் ஒரு பச்சை சேலை, அரக்குக் கரை போட்டது, அத எடுத்து முந்திய விரிச்சுப் பாத்தா. கடைக்காரப் பய வாய் சும்மா இருக்காம, "அக்கா, உங்க நெறத்துக்கு எடுப்பா இருக்கும்"னான். நான் சொன்னேன், "இவளுக்கு இல்லப்பா, இது அக்கரைக்குப் போகுது"ன்னு. அவ மடிச்சு வச்சுட்டா. அதத்தான் வாங்குனோம். பஸ்ல வரும்போது பொட்டலத்த அவ மடியிலதான் வச்சிருந்தா. நான் தூங்கிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். கரையில ஊரே நிக்குது. அந்த வருசம் நெறைய கொட்டான், அக்கரையில சண்டைன்னு எல்லாருக்கும் பயம், சீர் விடுறத நிறுத்துனவளுக கூடக் கொண்டாந்திருந்தாளுக. எங்க வீட்டுக்காரக கொட்டான எடுத்துக்கிட்டுத் தோள் மட்டம் போயி விட்டாக. நல்ல கச்சான் காத்து. கொட்டான் ஆடாம அசையாம நூல் புடிச்ச மாதிரி போகுது. பொம்பளைக எல்லாம் குலவை போடுறோம்.

கும்பிட்டுக் கண்ணத் தொறக்குறேன், நாச்சி தண்ணிக்குள்ள போய்க்கிட்டு இருக்கா.

சேலை எல்லாம் மெதக்குது, போய்க்கிட்டே இருக்கா. என்னமோ சாகப் போறான்னு நெனச்சு நான் கத்துறேன். இடுப்பு, நெஞ்சு, கழுத்தளவு தண்ணி. அங்க நின்னு, போய்க்கிட்டிருந்த கொட்டான எட்டிப் புடிச்சா. கட்டைய அவுத்து விட்டா. கொட்டானத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டுத் திரும்பி நடந்து வாறா. குலவை நின்னு போச்சு. ஊரே வாயப் பொளந்து நின்னு பாக்குது, தொடலாமா தொடக்கூடாதான்னு கூடக் கேக்க ஆளில்ல.

நேரா எங்கிட்ட வந்தா. மூஞ்சியெல்லாம் தண்ணி. அழுதாளா கடலான்னு தெரியல. என்னையப் பாத்துச் சொல்றா, "மதினி, சீர் வந்து சேந்திட்டுது."

அம்புட்டுதான் சொன்னா.

எத்தனை வருசம் கட்டிக் காத்த பேரு! கரைக்காரி சன்னதிக்கு நேரா, மொத மரியாதைக்கார வீட்டுப் பொம்பள, கடலுக்குக் குடுத்தத எடுத்தான்னா ஊரு என்ன சொல்லும்? ஊர் வாய மூட உலைமூடி உண்டா? பின்னால எவளோ, "திருடி"ன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. நான் கொட்டானப் புடுங்குனேன். அவ விடல. "நான் இஞ்சதானே இருக்கிறன் மதினி, நான் இஞ்சதானே இருக்கிறன்"னு சொல்லிக்கிட்டே இறுக்கிப் புடிக்கிறா. ஓலை கிழிஞ்சு போச்சு. வளையலு, அரிசி, பணியாரம் எல்லாம் மணல்ல கொட்டிருச்சு. சேலை எங்கையில வந்துருச்சு. நான் ஓடிப் போயி அலையில எறிஞ்சேன். நான் எறியலைன்னா என்ன ஆகியிருக்கும்? நீ சொல்லு.

அவ குனிஞ்சு மணல்ல கெடந்த அரிசியப் பொறுக்குனா. ஒவ்வொண்ணா. எங்க வீட்டுக்காரக வந்து அவ கையப் புடிச்சுத் தூக்கிக் கூட்டிட்டுப் போனாக. என்னைய ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தாக் கூடச் சண்டை போட்டு முடிச்சிருக்கலாம்.

அதுக்கப்புறமும் அவ எப்பவும்போல மீன் அரிஞ்சா, உப்புப் போட்டா. திரும்பிப் போக இஷ்டப்பட்டவுகள அரசாங்கமே கப்பல்ல ஏத்தி அனுப்புதுன்னு முகாம்ல சொன்னாக. அங்க சண்டை முடியல, இருந்தாலும் போறவுக போகலாம்னு. ஒரு நாளு முகாமுக்குப் போயிட்டு வந்தவ, "பேர் குடுத்திட்டு வந்தனான்"னா. அண்ணன்காரரு எம்புட்டோ சொன்னாக, கையப் புடிச்சுக்கிட்டு அழுதாக. "அவர் வந்து தேடினா வீட்டில ஆள் இருக்க வேணும் அண்ணே"ன்னு ஒரே வார்த்தைதான். நானும் போகாதன்னுதான் சொன்னேன். சாட்சி இல்ல, எங்க ரெண்டு பேருக்குள்ள சொன்னது, ஆனா சொன்னேன்.

கெளம்புற அன்னைக்கு நான் குடுத்த பழைய சேலையெல்லாம் தொவச்சு மடிச்சு, பின்கட்டுல அடுக்கி வச்சிருந்தா. வந்தப்ப கட்டிக்கிட்டு வந்தாளே, அந்தச் சேலையக் கட்டியிருந்தா. எங்கிட்ட வந்து, "போயிட்டு வாறன் மதினி. வாற ஆடிக்கு நான் அங்க கரையில நிப்பன். விடுங்கோ"ன்னா.

கோவமாச் சொல்லல தாயி. கோவமாச் சொல்லியிருந்தா நான் மறந்திருப்பேன்.

அந்த ஆடிக்கு நான் விட்ட சீர் மாதிரி இந்தக் கடல் பாத்திருக்காது. கண்ணுக்கு மறையுற வரைக்கும் நின்னு பாத்தேன். போச்சு. அது போய்ச் சேந்துருக்கும். நிச்சயமாச் சேந்துருக்கும். அதுக்கு மறு வருசமும் போச்சு. அவகிட்டருந்து சேதி எதுவும் வரல. முள்ளித்துறை பக்கம் திரும்பவும் சண்டைன்னாக. வந்தவுககிட்ட எல்லாம் விசாரிச்சோம். ஒருத்தரு பாத்தேம்பாரு, ஒருத்தரு அந்த ஊர்ல ஆளே இல்லைம்பாரு. எங்க வீட்டுக்காரக கரைக்கு வாறத விட்டுட்டாக. சீர நானே எறங்கி விட்டேன். சாகுறதுக்கு முன்னால, தண்ணி குடுத்துக்கிட்டு இருக்கேன், சொல்றாக, "அவ கையில குடுத்திருக்கலாம்ல சீனி." வேற எதுவும் பேசல. கூட இத்தனை வருசம் வாழ்ந்தவளுக்குச் சொல்லிட்டுப் போக அந்த ஒண்ணுதான் இருந்துச்சா? எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

இப்ப கொஞ்ச வருசமாச் சீர் திரும்பி வருது.

ஆமா. நான் எம்புட்டுத் தூரம் எறங்கி விட்டாலும், மறுநாள் காலையில தாழம்புதர் வேர்ல வந்து மாட்டிக்கிட்டுக் கெடக்கு. அது அரசாங்கம் கல்லக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டாக பாரு, அதுல நீரோட்டம் மாறிப் போச்சு. அதுதான் காரணம். ஆனா இந்த ஊர்ல பொம்பளைக வேற பேசுறாளுக. என் காதுபட யாரும் பேச மாட்டாளுக, நான் வந்தா வாய மூடிக்குவாளுக. வாங்க வேண்டியவ இல்லையாம். அப்படி எல்லாம் ஒண்ணும் இல்ல. நாச்சிக்குக் கோவம். அவ ரோசக்காரி, சின்னதுலருந்தே அப்படித்தான், அவுக அண்ணனே சொல்லுவாக. திருப்பி அனுப்புறா. அனுப்பட்டும். அனுப்புறதுக்கு அங்க ஆளு இருக்குல்ல? நானும் விட்டுக்கிட்டேதான் இருப்பேன். நான் நிறுத்துனா அவ இல்லைன்னு ஆயிரும்.

அத நிறுத்து தாயி. அந்த செவப்பு லைட்ட. நிறுத்திட்டியா? இது எழுதுறதுக்கு இல்ல.

நீ அடுத்த மாசம் மதுரையிலருந்து ப்ளேன்ல அக்கரைக்குப் போறன்னு பூசாரி சொன்னாரு. அங்க உள்ள ஊருகளையும் பாத்து எழுதப் போறியாம். நெசமா? இரு. உள்ள போயி ஒண்ணு எடுத்துட்டு வாறேன், செத்த இந்தக் காக்காயப் பாத்துக்க. ஓலைய வீசிக்கிட்டே இரு, பயப்படாத, கொத்தாது.

இந்தா. இதப் பிரிச்சுப் பாரு. பச்சை தெரியுதா? எனக்கு இப்ப எல்லாம் ஒரே கலராத்தான் தெரியுது. அரக்குக் கரை இருக்கும் பாரு. அன்னைக்கு நான் எறிஞ்சது மறுநாள் விடியக்காலம் அந்தத் தாழம்புதர்ல கெடந்துச்சு. யாரும் தொடக்கூடாதுதான். நான் கையால தொடல, துடுப்புக் கட்டையால தூக்கித்தான் கொண்டாந்தேன். நல்ல தண்ணியில அலசிக் காயப் போட்டு, பெட்டியில வச்சேன். அப்ப அவ வீட்டுலதான் இருந்தா. பின்கட்டுல, இந்தா இருக்கு செவுரு, இதுக்கு அங்கிட்டு. குடுத்துறலாமான்னு நெனச்சேன். எடுத்துக்கிட்டு வாசப்படி வரைக்கும் போனேன். குடுத்தா வழக்கம் என்னாகுறதுன்னு திரும்பிட்டேன். வருசா வருசம் அலசுறேன். மழைக்காலம் வந்தா இன்னமும் ஈரம் கக்குது, தொட்டுப் பாரு. அம்புட்டு உப்பு.

முள்ளித்துறை. எழுதிக்க. நம்புநாச்சி, குணரத்தினம் சம்சாரம். வலது புருவத்துல ஒரு தழும்பு இருக்கும், சின்னதுல துடுப்பு பட்டது. இத அவகிட்டக் குடு. கையில குடு தாயி. யாருகிட்டயும் குடுத்து விடாத, நீயே அவ கையில குடு.

அப்படி ஒருத்தி இல்லையேன்னு யாராச்சும் சொன்னா, இத எங்கிட்டத் திருப்பிக் கொண்டாந்துறாத. கடல்லயும் போட்டுறாத. கரையில எவளாச்சும் ஒரு பொம்பள நிப்பா, யாரா இருந்தாலும் சரி, அவ கையில குடுத்துரு. குடுத்துட்டு இந்தப் பக்கம் வந்தா எங்கிட்ட வேற எதுவும் சொல்லாத. "மதினி, சீர் வந்து சேந்திட்டுது"ன்னு நாச்சி சொல்லச் சொன்னான்னு மட்டும் சொல்லு.

பொய்யா இருந்தாலும் சொல்லு.